வேலிக்கு உள்ளே ஒரு டப்பா

அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் என்றொரு துறைமுக நகரம். அங்கே கிங் தெரு 27ஆம் எண் வீட்டின் முன்வேலியில், கிடைமட்டமாகப் படுத்திருக்கும் இரும்புத் தண்டு ஒன்றிலிருந்து கூர்முனைகள் நாலாபக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். 1760களின் பிற்பகுதியில் அந்த வீட்டைக் கட்டியவர் மைல்ஸ் ப்ரூட்டன், அடிமை வணிகத்தில் பெரும்பொருள் சேர்த்தவர். முட்தண்டு அவர் காலத்துக்குப் பின்னால் வந்தது. 1822இல், விலை கொடுத்துத் தன்னை மீட்டுக்கொண்ட தச்சர் டென்மார்க் வீசி கிளர்ச்சிக்குத் திட்டமிட்டதாகக் குற்றம்சாட்டப்பட்டு, அவர் உட்பட 35 பேர் தூக்கிலிடப்பட்டார்கள். அந்தப் பீதியில்தான் இந்த முட்கள் பொருத்தப்பட்டன என்று ஊரில் சொல்வார்கள். வீடு இன்று தேசிய வரலாற்றுச் சின்னம். ஆனாலும் அது காட்சியகமாகிவிடவில்லை, உள்ளே ஆட்கள் குடியிருக்கிறார்கள்.

நடைபாதையில் நின்று அந்த வேலியை எவரும் பார்க்கலாம். அதன் அடிச்சுவர் இடுக்கில் விரல் விட்டுத் துழாவலாமா என்பது வேறு கேள்வி. அந்தக் கேள்வியைப் பழைய நகரங்களின் வாசல்களுக்குக் கொண்டுவந்து சேர்த்திருக்கிறது ஜியோகேஷிங் என்ற தேடல் விளையாட்டு. வரலாற்றுச் சிறப்புள்ள, அதே சமயம் தனியாருக்குச் சொந்தமான ஒரு மனைக்குள் டப்பா ஒளித்துவைப்பது சரியா, சரியென்றால் எந்த நிபந்தனையில்? சார்ல்ஸ்டனை வைத்து இதை யோசிக்கக் காரணம் உண்டு. தனிச்சொத்தும் வரலாறும் அந்த நகரத்தில் ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரித்தெடுக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. அடிமைகளே அங்கே ஒரு காலத்தில் தனிச்சொத்தாகக் கணக்கெழுதப்பட்டவர்கள்.

விளையாட்டு தொடங்கிய விதத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜிபிஎஸ் சமிக்ஞையில் ராணுவக் காரணங்களுக்காக வேண்டுமென்றே கலந்துவைத்திருந்த பிழையை 2000 மே 2 அன்று அமெரிக்க அரசு நீக்கியது. அதுவரை நூறு மீட்டர் வரை தள்ளிக் காட்டிக்கொண்டிருந்த கைக்கருவி அன்றைக்கே திருந்திவிட்டது. மறுநாள் டேவ் அல்மர் என்ற கணினி ஆலோசகர் ஆரிகன் மாநிலத்தில் பீவர்க்ரீக் அருகே ஒரு கறுப்பு வாளியைப் பாதி மண்ணுக்குள் இறக்கிவைத்தார். புத்தகம், வீடியோ, ஒரு பீன்ஸ் டின், ஒரு கவண் என்று சிலவற்றை அதில் போட்டு, இடத்தின் எண்களை ஊரறிய வெளியிட்டார்: வடக்கு 45° 17.460, மேற்கு 122° 24.800. சில நாட்களிலேயே ஆட்கள் தேடிக் கண்டுபிடித்தார்கள். அந்தச் செப்டம்பரில் ஜெரமி ஐரிஷ் என்பவர் இதற்கென்று இணையதளம் தொடங்கியபோது பட்டியலில் இருந்தவை 75. இன்று உலகெங்கும் முப்பது லட்சத்துக்கு மேல். டப்பாவுக்குள் ஒரு பதிவேடு இருக்கும். கண்டவர் பெயரையும் தேதியையும் எழுதிவிட்டு, இருந்தபடியே திரும்ப வைத்துவிட்டுப் போக வேண்டும்.

காட்டோரத்தில் பிறந்த விளையாட்டு நகரத்துக்குள் வந்ததும் அதன் உடல் சுருங்கியது. வாளி போய் பிலிம் டப்பா வந்தது. அதுவும் போய், சுண்டுவிரல் நுனியளவு காந்தக் குப்பிகள் வந்தன. அவற்றுக்குள் நாடா போலச் சுருட்டிய தாளில் பெயரின் முதலெழுத்துகளுக்குத்தான் இடமிருக்கும். இடத்தைக் காட்டும் எண்களோ நுணுக்கமானவை. பாகையின் நிமிடத்தில் மூன்றாம் தசமம் வரை எழுதுவது இந்த விளையாட்டின் வழக்கம். சார்ல்ஸ்டன் இருக்கும் அட்சரேகையில் அந்தக் கடைசி இலக்கம் ஒன்று மாறினால் வடக்குத் தெற்காக 1.8 மீட்டர், கிழக்கு மேற்காக ஒன்றரை மீட்டர் நகர்கிறோம். ஒரு மதிலுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதே அந்த ஒற்றை இலக்கத்தில் தீர்மானமாகிவிடும். எழுதுவதில் இருக்கும் இந்தத் துல்லியம் கருவியின் கையில் இல்லை. உயர்ந்த செங்கல் சுவர்களுக்கு நடுவே சமிக்ஞை பட்டுத் தெறித்து வரும்போது கைபேசி பத்து மீட்டர் தப்பாகக் காட்டுவது சாதாரணம். அந்தப் பத்து மீட்டருக்குள் சார்ல்ஸ்டனின் பழைய தெருக்களில் மூன்று வீடுகள் வந்துவிடும். அனுமதி தந்தவர் ஒருவராக இருக்க, குடையப்படுவது பக்கத்து வீட்டுப் பூந்தொட்டியாக இருக்கும்.

அந்த வீடுகளின் அமைப்பே விருந்தாளியைப் பற்றிய ஒரு யோசனை. ‘சிங்கிள் ஹவுஸ்’ என்று அங்கே சொல்வார்கள். வீட்டின் ஒடுங்கிய பக்கம் தெருவைப் பார்க்கும். அகலம் ஓர் அறை மட்டுமே. நீண்ட தாழ்வாரம் தெற்கிலோ மேற்கிலோ பக்கவாட்டில் ஓடும். நம் ஊர்த் திண்ணை தெருவைப் பார்த்துத் திறந்து கிடப்பது போல அது கிடக்காது. தெருவில் இருக்கும் கதவைத் திறந்தால் வீட்டுக்குள் போகமாட்டீர்கள், தாழ்வாரத்துக்குத்தான் போவீர்கள். அந்தக் கதவு திறந்திருந்தால் வரலாம், சாத்தியிருந்தால் இப்போது வேண்டாம் என்பது ஊர்வழக்கு. யாரும் எழுதிவைக்காத இந்த அனுமதி முறை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. அட்ச தீர்க்க எண்களில் அப்படி ஒரு கதவு கிடையாது. அவை இரவு இரண்டு மணிக்கும் திறந்தே இருக்கின்றன.

ஆகவே அந்தக் கதவை மனிதர்கள்தான் போட வேண்டியிருக்கிறது. விளையாட்டின் விதிகள் இதில் தெளிவானவை. தனியார் மனையில் வைக்கும் டப்பாவுக்கு உரியவரின் அனுமதி வேண்டும். உரியவர் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளாமல் மண்ணைத் தோண்டிப் புதைக்கக் கூடாது. (அந்த முதல் வாளியே இன்றைய விதிப்படி தேறுவது கடினம்.) துளையிடக் கூடாது, எதையும் சிதைக்கக் கூடாது. இரண்டு டப்பாக்களுக்கு நடுவே 161 மீட்டராவது இடைவெளி வேண்டும். ஊதியமில்லாத தன்னார்வலர்கள் ஒவ்வொன்றையும் பார்த்துத்தான் பட்டியலில் சேர்க்கிறார்கள். ஆனால் இடைவெளியை அவர்கள் வரைபடத்தில் அளந்துவிடலாம், அனுமதியை அப்படி அளக்க வழியில்லை. பெரும்பாலும் ஒளித்தவரின் வார்த்தையைத்தான் நம்ப வேண்டியிருக்கிறது. வீட்டுக்காரர் தலையசைத்தாரா, வாடகைக்கு இருப்பவர் சொன்னாரா, தோட்டக்காரர் சொன்னாரா, இல்லை ‘யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள்’ என்று ஒளித்தவரே தனக்குத்தானே அனுமதி கொடுத்துக்கொண்டாரா?

தென் கரோலினாவில் இது சட்டமன்றம் வரை போனது. 2005இல் அங்கே ஒரு மசோதா வந்தது. கல்லறைத் தோட்டங்களிலும் தொல்லியல் இடங்களிலும் வரலாற்றுப் பலகை வைத்த இடங்களிலும் உரியவரின் எழுத்துமூலமான சம்மதம் இல்லாமல் ஜியோகேஷிங் செய்வது குற்றம் என்றது அது. கீழவை நிறைவேற்றியது. மேலவையில் நிறைவேறாமல் நின்றுபோனது. விளையாடுகிறவர்கள் பலர் அப்போது கொதித்தார்கள். தண்டனைச் சட்டம் தேவையில்லை என்ற அளவில் அவர்களோடு எனக்கும் உடன்பாடு உண்டு. எழுத்தில் சம்மதம் வாங்கு என்ற கோரிக்கையை மட்டும் என்னால் தப்பு சொல்ல முடியவில்லை. அழைப்புமணியை அழுத்தி, முன்பின் தெரியாத ஒருவரிடம் ‘உங்கள் மதிலோரமாக ஒரு சின்ன டப்பா வைக்கலாமா, அதைத் தேடி மாதத்துக்கு நாலைந்து பேர் வருவார்கள், சம்மதமா’ என்று கேட்பது, என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் மிகக் கடினமான கட்டம். மிகப் பயனுள்ள கட்டமும் அதுதான். கேட்டவருக்கு அப்போதுதான் வீட்டின் கதை கிடைக்கும். எந்தச் சுவர் 1886 ஆகஸ்ட் 31 நிலநடுக்கத்தில் பிளந்தது, அதை இழுத்துக் கட்டிய இரும்புக் கம்பிகளின் வில்லைகள் எவை, எந்த மூலையில் தொட்டால் காரை உதிரும் என்பதெல்லாம் வீட்டுக்காரருக்குத் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

சார்ல்ஸ்டனில் ‘உரியவர்’ யார் என்பதிலேயே சிக்கல் இருக்கிறது. 1931இல் அந்த நகரம் அமெரிக்காவிலேயே முதன்முதலாக ஒரு பழைய குடியிருப்புப் பகுதி முழுவதையும் சட்டத்தின் பாதுகாப்புக்குள் கொண்டுவந்தது. வெளித்தோற்றத்தை மாற்ற வேண்டுமென்றால் வீட்டுக்காரர் ஒரு குழுவின் முன்னால் நிற்க வேண்டும். 1947இல் தொடங்கிய ஹிஸ்டாரிக் சார்ல்ஸ்டன் ஃபவுண்டேஷன் இன்னும் ஒரு படி மேலே போனது. வீட்டுக்காரர்கள் தாமாக முன்வந்து, தங்கள் வீட்டை இடிக்கவும் மாற்றவும் தங்களுக்கு இருக்கும் உரிமையின் ஒரு பங்கை நிரந்தரமாக அந்த அமைப்பிடம் பத்திரம் எழுதிக் கொடுத்துவிடலாம். வீடு கைமாறினாலும் பத்திரம் வீட்டோடு போகும். அதாவது அந்த வீடுகளில் முழுத் தனியார் என்று ஒருவர் கிடையாது. தன் சொந்தச் சுவரில் ஆணி அடிக்கவே யோசிக்க வேண்டியவரின் வீட்டில் போய், அனுமதி கேட்காமல் டப்பாவைச் செருகுவது எவ்வளவு பெரிய அலட்சியம்.

இதற்கு நேர்மாறான ஓர் எடுத்துக்காட்டும் அதே நகரத்தில் இருக்கிறது. 1930இல் அங்குள்ள தோட்டக் கழகம் ‘கேட்வே வாக்’ என்றொரு நடைவழியை உண்டாக்கியது. தேவாலயங்களின் கல்லறை முற்றங்கள், நூலகச் சங்கத்தின் மனை, கலைக்கூடத்தின் தோட்டம் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொருவருக்குச் சொந்தம். இரும்புக் கதவுகளைத் திறந்துவைத்து, அவற்றின் ஊடாக யாரும் நடந்து போகலாம் என்று உரியவர்கள் ஒப்புக்கொண்டார்கள். யூனிடேரியன் தேவாலயத்தின் முற்றத்தில் செடிகொடிகளை வெட்டாமல் வளரவிட்டிருக்கிறார்கள், கல்லறைகள் பச்சைக்குள் அமிழ்ந்து கிடக்கும். தனிச்சொத்தின் நடுவே பொதுவழி அமைய அரசு நிலத்தைக் கையகப்படுத்த வேண்டியதில்லை. கேட்பதற்கு ஒருவரும் ஒப்புக்கொள்வதற்குச் சிலரும் போதும். வேலிக்குள் வைத்த ஒரு நல்ல டப்பாவை இந்த வழியின் கடைக்குட்டி உறவாகத்தான் பார்க்கிறேன்.

சேதம் என்பதைப் பற்றி விளையாடுகிறவர்கள் போதுமான அளவு யோசிப்பதில்லை. ஒளித்தவர் எதையும் கெடுக்காமல் வைத்திருப்பார். தேடுகிறவருக்கு அது எங்கே என்று தெரியாதே, அவர் எல்லா இடுக்கிலும் கைவைப்பார். பழைய சார்ல்ஸ்டன் செங்கல் மிருதுவானது, அதைப் பிடித்திருப்பது சுண்ணாம்புக் காரை. ஆயிரம் பேர் ஆயிரம் முறை விரலால் நெம்பினால் காரை பொடியாகிக் கொட்டிவிடும். அந்தச் செங்கற்களைக் கூர்ந்து பார்த்தால் சிலவற்றில் விரல் பதிந்த தடங்கள் தெரியும். கூப்பர், வாண்டோ ஆற்றங்கரைப் பண்ணைகளில் அடிமைகள் மண் குழைத்து அச்சில் வார்த்துக் காயவைத்த செங்கற்கள் அவை. ஈரம் காயுமுன் எடுத்து அடுக்கிய கைகளின் பதிவு சூளையில் வெந்து நின்றுவிட்டது. பல தடங்கள் மிகச் சிறியவை, குழந்தைகளின் விரல்கள். அப்படி ஒரு சுவரில் டப்பா தேடுகிற கை எவ்வளவு கவனமாக இருக்க வேண்டும் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

இரும்பு விஷயமும் இதே மாதிரிதான். நகரத்தின் வேலிகளிலும் வாயிற்கதவுகளிலும் நூற்றுக்கணக்கானவற்றைச் செய்தவர் ஃபிலிப் சிமன்ஸ் என்ற கறுப்பினக் கொல்லர். 1912இல் பிறந்து 2009இல் மறைந்தவர். 1982இல் நாட்டின் பாரம்பரியக் கலைஞர்களுக்கான உயரிய தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. காந்தக் குப்பிக்கு இரும்பு தோதானது, எனவே அவருடைய கதவுகளைப் பார்த்ததும் சிலருக்குக் கை துறுதுறுக்கும். வேண்டாம் என்பேன். பெயின்ட் உரியும் என்பது ஒரு காரணம். அந்தக் கதவு தன்னளவிலேயே தேடிப் பார்க்க வேண்டிய பொருளாக இருக்கும்போது அதை ஒளிவிடமாக்குவது மரியாதைக் குறைவு என்பது அதைவிடப் பெரிய காரணம். இந்த விளையாட்டுக்குள்ளேயே இதற்கு மாற்று வழி உண்டு. நடைபாதையில் நின்று கதவில் எத்தனை சுருள் என்று எண்ணு, பலகையில் உள்ள ஆண்டின் கடைசி இலக்கத்தை எடு, அந்த எண்களைக் கூட்டிக் கழித்தால் வேறொரு இடத்தின் எண் கிடைக்கும், டப்பா அங்கே. வீட்டை யாரும் தொடுவதில்லை, அதே சமயம் வெறுமனே கடந்து போகிறவரைவிட நூறு மடங்கு உன்னிப்பாக எல்லோரும் பார்க்கிறார்கள்.

பார்ப்பதிலும் எல்லோருக்கும் ஒரே சுதந்திரம் இல்லை. வேலியோரமாகக் குனிந்து எதையோ துழாவும் ஆளைக் கண்டால் அக்கம்பக்கத்தார் சந்தேகப்படுவது இயல்பு. 2011இல் இங்கிலாந்தின் வெதர்பி ஊரில் இப்படித் தெருவில் வைத்த ஒரு டப்பாவை வெடிகுண்டோ என்று பயந்து நிபுணர்கள் வந்து வெடித்தே அழித்தார்கள். அமெரிக்கத் தெற்கில் அந்தச் சந்தேகம் எந்த நிறத்தவர்மீது முதலில் விழும் என்பது எல்லோருக்கும் தெரியும். சார்ல்ஸ்டனில் அதற்கு ஒரு நீண்ட ஆவண வரலாறே இருக்கிறது. இரவு மணி அடித்த பிறகு தெருவில் நடமாட அடிமைக்குச் சீட்டு வேண்டும். பகலில் எசமானர் அல்லாத ஒருவரிடம் கூலி வேலைக்குப் போக வேண்டுமென்றால், எசமானர் நகரத்துக்கு ஆண்டுக் கட்டணம் கட்டி வாங்கிய செப்பு வில்லை வேண்டும். ஊர்ப்பெயர், ஆண்டு, தொழில், ஓர் எண் அதில் பொறித்திருக்கும். ஆளின் பெயர் இருக்காது. 2021இல் சார்ல்ஸ்டன் கல்லூரி வளாகத்தில் நடந்த அகழாய்வில் அப்படி ஒன்று கிடைத்தது: 1853, வேலையாள், எண் 731. இந்த வில்லைகளுக்குச் சேகரிப்பாளர்களிடம் பெரிய விலை இருப்பதால் உலோகங்காட்டிக் கருவியோடு பழைய மனைகளைத் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறவர்கள் உண்டு. தோட்டத்து மண்ணில் அந்நியர் கைவைத்தால் பழைய வீட்டுக்காரர்கள் பதறுவதற்கு இதுவும் காரணம். அந்தப் பதற்றத்தை நான் மதிக்கிறேன்.

ஒளித்துவைத்த பொருள் என்றால் அந்த நகரத்தில் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது எந்த டப்பாவும் இல்லை. மீட்டிங் தெருவில் 1808இல் கட்டி முடித்த நத்தானியல் ரஸ்ஸல் வீடு இருக்கிறது. 1955 முதல் அது முன்னே சொன்ன ஃபவுண்டேஷனின் சொத்து. அதன் சமையற்கட்டுக் கட்டிடத்தில்தான் அடிமைகள் வேலை செய்ததும் படுத்துறங்கியதும். அண்மை ஆண்டுகளில் அதன் சுவர்ப்பூச்சைப் பிரித்து ஆராய்ந்தபோது, உள்ளே எலிகள் கூடுகட்டிச் சேர்த்துவைத்தவை அப்படியே கிடந்தன. குண்டூசிகள், பொத்தான்கள், துணிக் கிழிசல்கள். அவற்றோடு அச்சிட்ட தாள்களின் துண்டுகளும், எழுத்துப் பழகும் புத்தகம் ஒன்றின் கிழிந்த தாளும் இருந்தன. தென் கரோலினாவில் அடிமைகளுக்கு எழுதக் கற்பிப்பது 1740லேயே குற்றமாக்கப்பட்டது, படிக்கக் கற்பிப்பதை 1834இல் தடுத்தார்கள். அந்தச் சமையற்கட்டில் யாரோ ஒருவர் எழுத்துகளின்மேல் விரல் வைத்துப் படித்திருக்க வேண்டும். யார் என்று எந்தக் கணக்குப் புத்தகமும் சொல்லவில்லை. எலி இழுத்துப்போன தாள் மட்டும் சொல்கிறது.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு பதிவேட்டில் பெயர் எழுதுவதை என்னால் சாதாரணமாக எண்ண முடியவில்லை. ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகிறவரின் பெயரும் தேதியும் அந்த மனையில் தங்கும். முப்பது ஆண்டு அங்கே நெருப்பு மூட்டிய பெண்ணின் பெயர் தங்கவில்லை. தேடி வருகிறவர்மேல் இதில் குற்றமேதும் இல்லை. அவர் வந்ததும், மகிழ்ந்ததும், கையெழுத்திட்டதும் நல்ல காரியங்களே. ஆனால் அந்தப் பதிவேட்டின் முதல் பக்கத்தை யார் நிரப்புவது என்று ஒளித்தவரும் வீட்டுக்காரரும் சேர்ந்து தீர்மானிக்கலாம். வீட்டைக் கட்டியவர் என்று ஒரு வணிகரின் பெயரைப் போட்டுவிட்டு முடித்துக்கொள்ளாமல், சுவர் எழுப்பியவர்களையும் அடுப்படியில் இருந்தவர்களையும் பற்றித் தெரிந்தவரை எழுதலாம். உயில்களிலும் விற்பனைப் பத்திரங்களிலும் சொத்துப் பட்டியல்களிலும் சில பெயர்களாவது கிடைக்கும். ஆவணக் காப்பகங்களில் அவற்றைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள். கிடைத்த பெயர்களை அங்கே எழுதிய பிறகு, வருகிறவர்கள் அவற்றுக்குக் கீழே தங்கள் பெயரை எழுதட்டும். நுழைவுச்சீட்டு வாங்கி, வழிகாட்டி சொல்வதைக் கேட்டுத் திரும்பும் பயணிக்கு இந்த வாய்ப்பு கிடைப்பதில்லை. சுண்டுவிரல் குப்பிக்குள் இவ்வளவும் அடங்காது என்பதும் உண்மை. அதனால்தான் இப்படிப்பட்ட மனைகளில் சின்னக் குப்பியைவிட, வீட்டுக்காரர் அறிய, கையெட்டும் இடத்தில் வைத்த ஒழுங்கான பெட்டியை நான் விரும்புகிறேன்.

கடைசியாக ஒரு நடைமுறை விஷயம். வீடுகள் விற்கப்படுகின்றன, இறந்தவரின் பிள்ளைகளுக்குப் போகின்றன. பாதுகாப்புப் பத்திரம் வீட்டோடு கைமாறுகிறது, டப்பாவுக்குத் தந்த சம்மதம் அப்படிப் போவதில்லை. அது ஒரு மனிதர் இன்னொருவருக்கு வாசலில் நின்று தந்த வார்த்தை. புதிதாக வந்தவருக்கு, ஒரு காலையில் யாரோ தன் தோட்டத்துக் கல்லைப் புரட்டிக்கொண்டிருப்பதைப் பார்க்கும்போதுதான் விஷயமே தெரியவரும் என்றால் தவறு ஒளித்தவருடையது. விற்பனைப் பலகை கண்ணில் பட்ட அன்றே அவர் பட்டியலில் தேடலை நிறுத்திவைக்க வேண்டும். புதியவர்கள் குடிவந்து, பெட்டிபடுக்கை பிரித்து, மூச்சுவிட்ட பிறகு அழைப்புமணியை மறுபடியும் அழுத்த வேண்டும். சரி என்றால் வீட்டின் கதையை அவருக்கும் சொல்லலாம், அவருக்குத் தெரிந்ததைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். வேண்டாம் என்றால், காரணம் கேட்காமல், பெட்டியையும் நிரம்பிய பதிவேட்டையும் அன்றே எடுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும்.